வீட்டுக் கணக்கில் 9/10, தேர்வில் பாதிகூட வரவில்லை
இரண்டாம் செமஸ்டர் கால்குலஸ், 15 வாரத்தில் இது 7-ஆவது. வீட்டுக் கணக்கில் 10-க்கு 9. இடைத்தேர்வில் 50-க்கு 19. போடத் தெரியாமல் இல்லை, எந்தத் தொகையிடல் முறை, பிரதியிடலா (substitution) பகுதித் தொகையிடலா (integration by parts) என்று முடிவெடுப்பதிலேயே நேரம் கரைகிறது.

நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படித்தது வீண் (எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம், அவ்வளவுதான்). விடையை மூடிவைத்து 1, 3, 7 நாள் இடைவெளியில் போட்டுப் பார்த்ததில் சூத்திரம் மறப்பது நின்றது. வகுப்பு ஒன்றும் தவறவில்லை, தூக்கமும் 8 மணி நேரம். ஆனால் பயிற்சி முழுக்க அத்தியாய வரிசையில்தான். எந்த முறை என்று தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காதே!

அடுத்த தேர்வுக்கு 3 வாரம், தினமும் 90 நிமிடம் இருக்கிறது. பழைய அத்தியாயக் கணக்குகளையும் புதியவற்றையும் என்ன விகிதத்தில் கலந்து போடலாம்?