புதுப்பிப்பு: ஹீட்டர் குழாயில் கரண்ட் அடித்த விஷயம்

வீட்டுக்குப் பின்னால் சரிவில் கட்டிய குளியலறையில் பைப்பைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது, ஹீட்டர் போட்டால் அங்கே பல்பும் மங்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இரண்டும் தனித்தனிக் கோளாறு.

ஹட்டனிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அண்ணா முதலில் எர்த் கம்பியைத்தான் தோண்டிப் பார்த்தார். கிளாம்ப் பச்சை பூத்துப் போய், வயர் கையோடு வந்துவிட்டது. புதிதாக இணைத்து மெயினைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) உடனே விழுந்தது! ஹீட்டர் எலிமெண்ட் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கரண்ட் போக வழியில்லாமல் எங்கள் கையைத் தேடியிருக்கிறது. ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் தெரியும், எர்த் இருக்கிறதா என்று தெரியாது. இது எனக்குத் தெரியாமல் இருந்தது.

எங்கள் பாறை மண்ணில் எர்த்தின் தடை 180 ஓம். 230 வோல்ட்டுக்கு 1.3 ஆம்பியர்கூட ஓடாது, அதிக கரண்ட் ஓடினால் மட்டும் விழும் 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான் உயிரைக் காப்பாற்றும்.

அப்புறம் பல்பு மங்கியதற்குக் காரணம் வயர். 60 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தோம், ஹீட்டரின் 13 ஆம்பியருக்கு 14 வோல்ட் இறங்கும். 6 சதுர மில்லிமீட்டர் மாற்றிய பிறகு 6 வோல்ட்டுக்குள். எலிமெண்ட்டும் புதிது. நேற்று அம்மா பயமில்லாமல் குளித்தார்.