தீபாவளி மதியச் சாப்பாட்டை மாற்ற வேண்டும், மாமியார் மனம் நோகக் கூடாது: யோசனை சொல்லுங்கள்

ஜெலுத்தோங் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம், பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். இந்தத் தடவை தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மாமியாருக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டதால் சமையல் முழுக்க என் கைக்கு வருகிறது. அவர் செய்யும் வரிசை எனக்கு மனப்பாடம். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தோசையும் கோழிக்கறியும். மதியத்துக்கு நெய்ச்சோறு, ஆட்டுப் பிரட்டல், கோழி வறுவல், இறால் சம்பால், மீன் பொரியல், பருப்பு, பச்சடி, ரசம், பாயசம். கைப்பக்குவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் சாப்பிட உட்காருகிறவர்கள் மாறிவிட்டார்கள். மாமனாருக்குச் சர்க்கரை. 16 வயது மகள் இப்போது கறி, மீன் தொடுவதில்லை. கொழுந்தன் கட்டியிருப்பது பினாங்குச் சீனக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டு உறைப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல், வெறும் சோறும் பச்சடியும் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லி எழுந்துவிடுவாள். அதைப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வரும். எல்லாருமாக 14 பேர்.

இன்னொன்றும் உண்டு. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, தீபாவளி மதியம் மாமியார் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் போட்டு முடித்து, ஆறிப்போனதைத்தான் சாப்பிடுவார். இந்த வருடம் அவர் உட்கார வேண்டும். நானும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கடையில் பிரியாணி சொல்லி வாங்குவது வேண்டாம். பண்டிகை என்று தெரிய வேண்டும், வேலை குறைய வேண்டும், யாரும் வெறும் சோற்றோடு எழுந்திருக்கக் கூடாது. தீபாவளி முடிந்த கையோடு எங்கள் வீட்டில் கந்த சஷ்டி விரதம் ஆரம்பித்துவிடும், அதனால் கறி மிச்சமாகவும் கூடாது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

செந்தூல் அண்ணன்:

தங்கச்சி, நாங்கள் கோலாலம்பூரில். எங்கள் வீட்டில் கறி விருந்தைக் காலைக்கே கொண்டுபோய்விட்டோம். தோசைக்குக் கோழிக்கறிக்குப் பதில் ஆட்டுப் பிரட்டல். குளித்துவிட்டு வருகிற பசியில் அது இறங்குகிற மாதிரி மதியம் இறங்காது. முதல் நாள் இரவே வைத்துவிட்டால் காலையில் சூடு காட்டினால் போதும், மசாலாவும் நன்றாக ஊறியிருக்கும்.

மதியத்துக்கு நாசி லெமாக். பாண்டான் இலையும் தேங்காய்ப்பாலும் போட்டு அரிசியை மின்சாரப் பானையில் வைத்தால் அது பாட்டுக்கு வேகும். வறுத்த நெத்திலி, கச்சான், வெள்ளரி, அவித்த முட்டை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். சம்பாலும் தனியாக இருப்பதால் உறைப்பு அவரவர் விருப்பம். உங்கள் ஓரகத்திக்கு அது வசதி. மகளுக்குப் பெலாச்சான் (இறால் விழுது) சேர்க்காமல் ஒரு சின்னச் சட்டி சம்பால் வைத்து, பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) துண்டுகளைப் போட்டுக் கிளறிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வரும்போதும் அதே சோறுதான், மறுபடி அடுப்புப் பற்றவைக்கிற வேலை இல்லை.

பட்டர்வொர்த் வாசகர்:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தீபாவளிக்கு மட்டும் செய்கிற சாப்பாடு என்று ஒன்று இருக்க வேண்டும். நாசி லெமாக்கை வாரம் முழுக்கக் காலையில் சாப்பிடுகிறோமே.

அதற்காக உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை, சகோதரி. முதல் நாள் மாலை முன்னோருக்குப் படையல் போடுவீர்கள்தானே? மாமியாரின் வரிசை முழுவதையும் அங்கே வைத்துவிடுங்கள். படையலுக்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் வேண்டும். அரைக் கிலோ கறி, ஒரு பிடி இறால், இரண்டு துண்டு மீன். மாமியாரை நாற்காலி போட்டு அடுப்படியில் உட்காரவைத்து, உப்பு, புளி, காரம் எல்லாம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். மறைந்தவர்களுக்கு அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு அப்படியே போய்ச் சேரும். அன்று இரவு வீட்டுப் பேர் மட்டும் பகிர்ந்து சாப்பிட்டால் மிச்சமும் இருக்காது. மறுநாள் மதியம் நீங்கள் எதைச் சமைத்தாலும், மாமியார் சமையலை ஒதுக்கிவிட்டதாக ஒருவரும் சொல்ல முடியாது.

ஆயர் ஈத்தாம் அத்தை:

படையலைப் பற்றித் தம்பி சொன்னது சரியான யோசனை. அதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் மா. அப்புறம் மதியத்துக்கு வருவோம்.

நான் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்தவள். 14 பேருக்கு ஒன்பது வகை என்பது ஒரு ஆள் வேலை இல்லை. வகையைக் குறையுங்கள், ஒவ்வொன்றையும் தாராளமாகச் செய்யுங்கள். சோறே வேண்டாம், இடியாப்பம் வையுங்கள். காலையில் புட்டு மாயம் (இடியாப்பம்தான்) விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாங்கிக்கொள்ளலாம், நீங்கள் பிழிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு பக்கம் ஆட்டுப் பிரட்டல், மாமியார் கையளவில். இன்னொரு பக்கம் நம் பினாங்கு அசாம் லக்சா குழம்பு, புளிப்பான மீன் குழம்பு. லக்சா நூடுல்ஸுக்குப் பதில் இடியாப்பம், அவ்வளவுதான். புளிப்புக் குழம்பை இடியாப்பம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் சாப்பிடும்போதுதான் ஊற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவே காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செராய் (எலுமிச்சைப் புல்), லெங்குவாஸ் (சித்தரத்தை வகை), மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், உறைப்பு வேண்டியவர்கள் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுக்கொள்வார்கள். பெலாச்சானை இதோடு சேர்த்து அரைக்காதீர்கள், இதுதான் முக்கியம். விழுதில் கொஞ்சம் எடுத்து, ஒரு கரண்டி தாவ்சூ (புளிக்கவைத்த சோயா விழுது), அசாம் கெப்பிங் (காய்ந்த புளிப்புப் பழத் துண்டு), புங்கா கந்தான் (இஞ்சிப்பூ மொட்டு), டாவுன் கெசும் (லக்சாவுக்குப் போடும் வாசனை இலை), அன்னாசி, காளான் போட்டுக் கொதிக்கவிட்டால் உங்கள் மகளுக்கு ஒரு சட்டி தயார். மீதி விழுதில் பெலாச்சான் சேர்த்து, அவித்து முள் எடுத்த கெம்போங் மீனையும் (கானாங்கெளுத்தி வகை) அது வெந்த தண்ணீரையும் ஊற்றிப் பெரிய சட்டி. மீனை உதிர்க்கும்போது அவசரப்படாதீர்கள், சின்ன முள் நிறைய இருக்கும். மேலே போட வெள்ளரி, அன்னாசி, புதினா, வெங்காயம். மேலே ஊற்றும் ஹே கோ என்ற கறுப்பு விழுதில் இறால் இருக்கிறது, அதனால் தனிக் கிண்ணத்தில் வைத்து மகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஓரகத்திக்குக் காரமில்லாத சாப்பாடு செய்து வைப்பதோடு நிற்காதீர்கள். அவளை ஒரு பதார்த்தம் செய்யச் சொல்லுங்கள். ஜூ ஹு சார் தெரியுமா என்று கேளுங்கள். செங்குவாங் கிழங்கு, கேரட், கோஸ், காய்ந்த கணவாய் எல்லாவற்றையும் மெல்லியதாகச் சீவி வதக்கி, சாலட் இலையில் சுற்றிச் சாப்பிடுவது. பினாங்கு பாபா நியோன்யா (மலாய்ப் பழக்கவழக்கங்கள் கலந்த சீன வம்சத்தார்) வீடுகளில் சீனப் பெருநாளுக்குக் கட்டாயம் இருக்கும். சில வீடுகளில் பன்றி இறைச்சி போடுவார்கள். அதை விட்டுவிட்டு உங்கள் வீட்டுச் சட்டியிலேயே செய்யட்டும், ஆட்டிறைச்சியும் ஹலால் கடையில் வாங்கிவிடுங்கள், பக்கத்து வீட்டார் தயங்காமல் சாப்பிடுவார்கள். மகளுக்குக் கணவாய்க்குப் பதில் காளான். மாமனாருக்கு இடியாப்பம் இரண்டு போதும், தட்டின் மீதி இடத்தை இது நிரப்பட்டும். ஒரு வீட்டு மருமகள் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது மா. ஒரு சட்டி அவள் பொறுப்பு என்று கொடுத்துப் பாருங்கள்.

பாயசத்துக்குப் பதில் சாகோ குலா மலாக்கா, அதாவது ஜவ்வரிசியும் தேங்காய்ப்பாலும் வெல்லப் பாகும். ஜவ்வரிசியை அவித்துக் குளிர்ந்த நீரில் அலசிச் சின்னக் கிண்ணங்களில் அமுக்கிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் சிட்டிகை உப்பு. பாயசத்தில் சீனி உள்ளேயே கரைந்துவிடுகிறது. இதில் பாகு தனியாக இருப்பதால் மாமனாருக்கு ஒரு சின்னக் கரண்டியோடு நிறுத்தலாம். ஜவ்வரிசியும் மாவுச்சத்துதான், ஒரு கிண்ணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இதில் எதுவும் கடைசி நிமிடத்தில் பொரிக்கிற வேலை இல்லை. சட்டிகளை மேசையில் வைத்துவிட்டு எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். பரிமாறுவதை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும், சொல்லிவிடுங்கள்.

ஜெலுத்தோங் மருமகள்:

அத்தை, கண் கலங்கிவிட்டது. மாமியாரிடம் பேசினேன். படையல் யோசனையைச் சொன்னதும் மதியத்தைப் பற்றி அவர் ஒன்றும் மறுக்கவில்லை. "பிரட்டலுக்குச் சோம்பை நான்தான் வறுப்பேன்" என்று மட்டும் சொன்னார். பட்டர்வொர்த் அண்ணனுக்கு நன்றி. செந்தூல் அண்ணே, காலைத் தோசைக்கும் பிரட்டலையே வைத்துவிடுகிறேன், கோழிக்கறி தனியாக வேண்டாம்.

ஓரகத்திக்கு ஜூ ஹு சார் தெரியுமாம். அவள் அம்மாவிடம் அளவு கேட்டு வருகிறாள். ஒரு சந்தேகம்: புங்கா கந்தானை வெள்ளிக்கிழமையே வாங்கினால் ஞாயிறுவரை தாங்குமா? பத்து லஞ்சாங் சந்தையில் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அத்தை:

தாங்கும் மா. விரியாத மொட்டாகப் பார்த்து எடுங்கள். கழுவாமல் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். டாவுன் கெசும் சீக்கிரம் வாடும், அதைக் காம்போடு ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்திவிடுங்கள். பிரட்டலுக்கு இரண்டு கிலோ வாங்குங்கள், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும்.