யூஸ் எரர்: 'பயனர் பிழை' வேண்டாம், 'பயன்பாட்டுப் பிசகு' சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'யூஸ் எரர்' (use error) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: தொழிலக வடிவமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் டிரிப்ஸ் ஏற்றும் கருவிகள். களம் சேலமும் ஏற்காடும். செவிலியர்களிடமும் ஆம்புலன்ஸ் பணியாளர்களிடமும் பேச வேண்டும். ஒப்புதல் படிவம், கேள்விகள் எல்லாம் அவர்களுக்குப் புரியும் தமிழில் இருந்தாக வேண்டும். அங்கேதான் இந்த 'யூஸ் எரர்' இடிக்கிறது.

> பயனர் பிழை என்று ஏற்கெனவே இருக்கிறதே. எதற்குப் புதிதாக ஒன்று?

இருக்கிறது ஐயா. ஆனால் அது 'யூசர் எரர்'. மருத்துவக் கருவிகளைக் கையாளும் வசதி பற்றிய பன்னாட்டுத் தரம், ஐஈசி 62366-1 (2015), 'யூஸ் எரர்' என்றுதான் சொல்கிறது. பயன்படுத்துகிறவர் ஒன்றைச் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ, தயாரித்தவர் நினைத்ததற்கு அல்லது தாமே எதிர்பார்த்ததற்கு மாறான விளைவு வந்தால் அது யூஸ் எரர். யார் குற்றம் என்ற பேச்சே அதில் கிடையாது. கருவி பழுதானது இதில் சேராது. தெரிந்தே அலாரத்தை அணைத்து வைப்பதும் சேராது, அது வேறு வகை.

ஏற்காட்டு மலைப்பாதையையே பாருங்கள். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் செட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. வார்டில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, குழாயை நசுக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சக்கரத்தை நகர்த்தி வைத்துவிடலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டியில்? பாட்டில் ஆடுகிறது, நோயாளி கையைத் தூக்குகிறார், இறக்குகிறார். பாட்டிலுக்கும் கைக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் சொட்டின் வேகத்தைத் தள்ளுகிறது, அது மாறிக்கொண்டே இருக்கிறது. போதாததற்குச் சக்கரத்தடியில் நசுங்கிய பிளாஸ்டிக் குழாயும் நேரம் ஆக ஆக வடிவம் மாறி, வைத்த வேகத்தை மாற்றிவிடும். கூட வருகிறவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொட்டு எண்ண வேண்டும். கீழே வந்து சேரும்போது கணக்குக்கு முன்பே பாட்டில் காலியாகியிருந்தால் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்? நான் பார்த்த ஒரு மருத்துவமனைப் படிவத்தில் அதற்கு இருந்த ஒரே கட்டம் 'பணியாளர் கவனக்குறைவு'. வளைவுக்கும் சக்கரத்துக்கும் அதில் கட்டம் இல்லை. 'பயனர் பிழை' என்று நான் எழுதினால் அந்தக் கட்டத்துக்கே இன்னொரு பெயர் வைத்ததாகிவிடும்.

இது ஏதோ இரக்கத்தில் சொல்வதல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏவுக்கு 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் (மருந்தையும் சலைனையும் அளவாக ஏற்றும் இயந்திரங்கள்) பற்றிச் சுமார் 56,000 பாதிப்பு அறிக்கைகள் வந்தன. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. சிலவற்றுக்குப் பயன்படுத்தியவர் காரணமாக இருக்கலாம், பலவற்றுக்கு வடிவமைப்பும் பொறியியலுமே காரணம் என்று 2010இல் அந்த நிறுவனமே சொன்னது. ஒரு தடவை அழுத்திய எண் இரண்டு தடவை பதிவாகும் பம்புகள்கூட இருந்தன. அது கருவிக் கோளாறு, நம் சொல்லுக்குள் வராது. புள்ளி மங்கலாகத் தெரிவதால் 10.0 என்பதை 100 என்று படித்துவிடுவது வரும்.

> அப்படியானால் பயன்பாட்டுப் பிழை?

இலக்கணப்படி குறையில்லை. 'பிழை'தான் எனக்கு உறுத்துகிறது. பிழை பொறுக்க வேண்டும் என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு; குற்றத்தின் நிழல் அதை விட்டுப் போகாது. அப்புறம், ஆஸ்பத்திரியில் 'பிழைச்சுட்டார்' என்றால் அது நல்ல செய்தி! ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிக்கிறவர் பாவம்.

ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா எழுதியதுதான் எனக்கு வழி காட்டியது:

> நீங்கள் செய்த பிழை என்ன என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். எந்த இடத்தில் கை பிசகும் என்று கேளுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

பிசகு! இடம் மாறிப்போவது. எலும்பு பிசகும், கை பிசகும், கணக்கு பிசகும். பேச்சுவழக்குச் சொல், கலைச்சொல்லுக்கு ஆகாது என்று ஒரு நண்பர் மறுத்திருந்தார். 'இம்மியும் பிசகாமல்' என்று கட்டுரைகளில் எழுதுகிறோமே, அப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. 'கையாள் பிசகு' என்று வைக்கலாம் என்றவருக்கு: கையாள் என்றால் அடியாள் என்றும் படிப்பார்கள், வேண்டாம்.

'பயன்பாட்டுப் பிசகு' என்று வைத்தால் கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன. உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் பிரித்துக் காட்டிய வகைகளில், எண்ணியது சரி, செய்கை வழுக்கியது என்றால் கைப்பிசகு. எண்ணியதே சரியில்லை என்றால் கணிப்புப் பிசகு. இடையில் மறந்துபோவதற்கு 'மறதி' போதும். 'நினைவுப் பிசகு' என்றால் புத்தி பேதலித்தது போலத் தொனிக்கும்.

> வடிவமைப்பில் முனைவர் பட்டமா? பெட்டிக்கு நிறம் அடிப்பதற்கா?

கிண்டல் புரிகிறது தம்பி. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் புரூஸ் ஆர்ச்சர் 1960களில் மருத்துவமனைக் கட்டிலை எடுத்துக்கொண்டு வேலை செய்தார். செவிலியர்கள் கட்டிலை எப்படி உயர்த்துகிறார்கள், தள்ளுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்து, செய்து, சோதித்து, திருத்தினார்கள். அங்கே வடிவமைப்பு முறைகளுக்காகவே 1968இல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆய்வு என்றால் அதுதான்: மாதிரி ஒன்றைச் செய்து கையில் கொடுத்து, எங்கே பிசகுகிறது என்று பார்ப்பது. நானும் கொண்டை ஊசி வளைவுக்குத் தாங்கும் ஒரு சொட்டுக் கட்டுப்பாட்டைச் செய்து பார்க்கத்தான் போகிறேன். நிறம் கடைசியில்.

ஆகவே படிவத்தில் இப்படி எழுத நினைக்கிறேன்: "டிரிப்ஸ் ஏற்றும்போது எந்தெந்த இடத்தில் பயன்பாட்டுப் பிசகு நேர்கிறது என்பதைப் பற்றி உங்களிடம் கேட்போம். இது உங்கள் வேலைத்திறனை மதிப்பிடுவதற்கு அல்ல." மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். முக்கியமாக அக்காவிடம் ஒரு கேள்வி: வார்டில் 'பயன்பாட்டு' என்பதையும் சேர்த்துச் சொன்னால் புரியுமா, வெறும் 'பிசகு' போதுமா?

அன்புடன்,
சேலத்திலிருந்து