என்டிஐஎஸ் பிளான் கையில் வந்த பிறகு: எங்கள் வீட்டில் நடந்தது

மகனுக்கு இப்போது 23 வயது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை. சக்கர நாற்காலியில்தான் இருப்பான், பேச்சு மிகக் குறைவு. ஆனால் வாசலில் காலடி கேட்டதுமே யார் வருகிறார்கள் என்று முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். நாங்கள் சிட்னியில் வென்ட்வர்த்வில் பக்கம் இருக்கிறோம். என்டிஐஎஸ் என்பது இங்கே ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளின் உதவிச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம். ஒருவருக்கு எந்த உதவிக்கு எவ்வளவு தொகை என்று அதில் எழுதித் தருவதுதான் பிளான். போன கிழமை மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பிள்ளைக்குப் பிளான் வந்துவிட்டது, கடிதமும் கையில் இருக்கிறது. இனி யாரிடம் போவது என்றுதான் தெரியவில்லை" என்று கண் கலங்கினார். அவரிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

எங்களுக்கு முதல் பிளான் வந்தது 2017இல். கடிதத்தில் இருந்த தொகையைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. அந்தப் பணம் கைக்கு வருவதில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அது பிள்ளையின் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கும். வேலை செய்தவர் பில் அனுப்ப அதிலிருந்து கழியும். குளிக்க, உடுக்க, வெளியே போக உதவுபவர்களுக்கு ஒரு பகுதி, தெரபி போன்றவற்றுக்கு ஒரு பகுதி, நாற்காலி, ஆளைத் தூக்கும் ஹொயிஸ்ட் போன்ற சாமான்களுக்கு ஒரு பகுதி என்று பிரித்திருந்தார்கள். அதற்குள்ளேயே சப்போர்ட் கோர்டினேட்டருக்கென்று, அதாவது பிளானில் உள்ள உதவிகளைத் தேடி ஒழுங்கு செய்து தருபவருக்கென்று, சில மணித்தியாலங்களும் இருந்தன. அந்தக் காசில் இன்னும் நாலு தரம் பிசியோவுக்குக் கொண்டுபோகலாமே என்று நான் ஆதங்கப்பட்டேன். அப்படி மாற்ற முடியாது, அது கோர்டினேட்டருக்கு மட்டுமே உரியது என்றார்கள்.

முதலில் எடுத்த கம்பனி சரிவரவில்லை. கோர்டினேட்டரை அனுப்பியதும் அவர்கள்தான், வீட்டுக்கு ஆட்களை அனுப்பியதும் அவர்கள்தான். காலையில் வருகிறவர் பிந்தி வருகிறார், வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டால், "எங்களிடமே ஆள் இருக்கிறார்கள்" என்பதுதான் பதில். பில்களைக் கட்டிக் கணக்கு வைக்கும் பிளான் மனேஜர் மாதாமாதம் அனுப்பும் கணக்கை நான் திறந்தே பார்ப்பதில்லை. ஒருநாள் பார்த்தேன். தொலைபேசி, மின்னஞ்சல் என்று மட்டும் 11 மணித்தியாலம் போட்டிருந்தார்கள். யாரோடு பேசினார்கள், என்ன முடிவானது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வருடம் முடிந்தபோது மகனின் பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. நானோ தோள் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த பிளானுக்கான கூட்டத்தில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். இதை எழுதவே வந்தேன். "இரவில் எப்படி?" என்று கேட்டார்கள். "பரவாயில்லை, நாங்கள் சமாளிக்கிறோம்" என்றேன். கணவரும் தலையாட்டினார். நாங்கள் வளர்ந்த விதம் அது. வெளி ஆளுக்கு முன்னால் கஷ்டத்தைச் சொன்னால் பெற்ற பிள்ளையைப் பற்றியே குறை சொல்வது போல இருக்கும். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிளான் வந்தபோது உதவி மணித்தியாலங்கள் குறைந்திருந்தன.

அதற்குப் பிறகு வந்த கோர்டினேட்டர் ஒரு லெபனான் பெண். ஆட்களை அனுப்பும் கம்பனி எதோடும் சம்பந்தம் இல்லாதவர். முதல் நாளே குசினி மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்: "இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள்?"

நாலு தரம் என்றேன்.

"எத்தனை வருடமாக?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் கணக்குப் பார்த்ததில்லை.

இரண்டு கிழமைக்கு ஒரு நோட்புக்கில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு எழும்பினேன், எதற்காக, தூக்குவதற்கு ஒருவரா இருவரா, எவ்வளவு நேரம் எடுத்தது, அதற்குப் பிறகு நித்திரை வந்ததா. அதை ஓ.டி.யிடம், அதாவது அன்றாட வேலைகளுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்க்கும் தெரபிஸ்டிடம், கொடுத்தார். அவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதினார். பிளானைக் குறைத்த முடிவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். நாங்கள் இரண்டாவது மாதத்திலேயே கேட்டுவிட்டோம். காலையில் குளிக்க வார்க்க இரண்டு பேரும், கூரையில் பொருத்தும் ஒரு ஹொயிஸ்டும் கிடைத்தன. நான் நோட்புக்கில் எழுதிய நேரங்கள் அப்படியே அந்த அறிக்கையில் இருந்தன.

*

மெல்பனிலிருந்து:

அக்கா, நான் இங்கே கோர்டினேட்டராக வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் திருச்சி. நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பக்கத்திலிருந்தும் சொல்லத் தோன்றியது.

எங்களுக்கு மணிக்கு 100.14 டாலர். பல வருடமாக அதே விலைதான். ஒரு பிளானில் 40 மணி நேரம் இருந்தால் மொத்தம் சுமார் 4,000 டாலர், அதாவது வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் முதல் சந்திப்பிலேயே, "இந்த மணி நேரங்களில் என்னென்ன செய்வீர்கள், எனக்கு எப்படிக் கணக்குக் காட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல கோர்டினேட்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஆட்களை அனுப்பும் கம்பெனியிலேயே அவர் இருந்தால், அதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, வேறு இடங்களையும் காட்ட வேண்டியது அவர் கடமை. காட்டவில்லை என்றால் 1800 035 544 என்ற எண்ணில் என்டிஐஎஸ் தரக் கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் சொல்லலாம்.

நம் குடும்பங்களில் எனக்கு அதிகம் நேரம் பிடிப்பது படிவங்கள் இல்லை, ஆள் தேடுவதுதான். ஒரு அப்பா "தமிழ் பேசும் பெண்தான் வேண்டும், என் மகளுக்கு வேறு மொழி புரியாது" என்றார். இரண்டு மாதம் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் வந்த முதல் நாளே அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, இவங்க எங்க சங்கத்துக்கு வர்றவங்க. வீட்டுக்குள்ள நடக்கிறது வெளியே போயிடும், வேண்டாம்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் குளிக்க வைக்க ஒரு பிலிப்பைன்ஸ் பெண், வெளியே கூட்டிப்போக அந்தத் தமிழ்ப் பெண் என்று பிரித்தோம். பிலிப்பைன்ஸ் பெண் இப்போது "தண்ணி சூடா?" என்று தமிழில் கேட்கிறார். அந்த மகள் சிரிக்கிறாள்.

இன்னொரு வீட்டில் உதவிக்கு வந்தவருக்கு அம்மா தோசை சுட்டுக்கொடுத்துவிட்டு, மகனைத் தானே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளியை வேலை வாங்குவதா என்பது அவர் மனசு. அதை மாற்ற எனக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

புதிதாகப் பிளான் வாங்குபவர்கள் கவனிக்க: 2025 மே 19க்குப் பிறகு வரும் பிளான்களில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், பகுதி பகுதியாகப் பணம் திறக்கும். முதல் மாதத்திலேயே அதிகம் செலவழித்துவிட்டு மூன்றாவது மாதம் ஆள் இல்லாமல் தவித்த வீடுகளைப் பார்த்துவிட்டேன். இப்போது எல்லோருக்கும் காலண்டரில் குறித்துக் கொடுக்கிறேன். அப்புறம், ஊருக்குப் போவதானால் உதவிக்கு வருகிறவருக்கு ஏழு நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வராத நாளுக்கும் முழுப் பணம் எடுக்கலாம்.

*

டான்டெனோங்கிலிருந்து:

எனக்கு ஒரு கால் இல்லை. 2009இல் வன்னியில் ஷெல் பட்டது. இங்கே வந்து பல வருடம் தற்காலிக விசாவில்தான் இருந்தேன். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால்தான் என்டிஐஎஸ்ஸில் சேரலாம் என்பதால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. 2023இல் எங்களைப் போன்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. எனக்கும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வருடம் விண்ணப்பிக்கவில்லை. எங்களுக்கும் இது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் இப்படி எத்தனை பேர் வீட்டுக்குள் இருக்கிறார்களோ தெரியாது.

மதிப்பீட்டுக்கு வந்தவரோடு பேச அக்காவின் மகனைக் கூட்டி வைத்திருந்தேன். நல்ல பிள்ளை, 17 வயது. நான் பாத்ரூமில் விழுந்ததையும் தவழ்ந்து வெளியே வந்ததையும் சொன்னேன். அவன் ஒரே ஒரு வசனம்தான் மொழிபெயர்த்தான். பிறகு கேட்டால், "மாமா, அதை எப்படிச் சொல்வது?" என்று அழுதான். அவனில் பிழையில்லை. அடுத்த முறை கோர்டினேட்டர் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். எனக்கு ஒரு சதமும் செலவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் நான் சொன்ன ஒவ்வொன்றையும் விடாமல் சொன்னார். தயவுசெய்து பிள்ளைகளை இதற்கு வைக்காதீர்கள்.

*

துன்காபியிலிருந்து:

மாமியாருக்கு 66 வயதில் பக்கவாதம் வந்தது. என்டிஐஎஸ்ஸில் சேர 65 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு முதியோர் பராமரிப்புக்கான அரசு சேவையான மை ஏஜ்ட் கேர்தான் வழி. அதே வயதுக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், 62இலேயே சேர்ந்துவிட்டதால் அவருக்கு இன்றும் பிளான் தொடர்கிறது. வீட்டில் 60 தாண்டியவர்களுக்கு நிரந்தரக் குறைபாடு ஏதும் இருந்தால் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

*

வென்ட்வர்த்விலிலிருந்து மறுபடியும்:

டான்டெனோங் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நாங்களும் முதல் கூட்டத்துக்கு மகளைத்தான் வைத்திருந்தோம். அப்போது அவளுக்கு 13 வயது. அன்றைக்கு என்னென்னவற்றை அவள் விழுங்கினாள் என்று இனித்தான் கேட்க வேண்டும்.

திருச்சித் தம்பிக்கும் நன்றி. எங்கள் மகனுக்குக் காலையில் வருகிற இருவரில் ஒருவர் நேப்பாளப் பெடியன். அவன் காலடியும் இப்போது மகனுக்குப் பழக்கம். கதவு திறக்கும் முன்பே கையைத் தூக்கிவிடுவான்.

கோயிலில் கண்ட அந்தத் தாய் நேற்று வீட்டுக்கு வந்தார். என் பழைய நோட்புக்கைக் காட்டினேன். எழுந்த நேரம், என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று நாலு கோடு போட்டு, அவருக்கு ஒரு புது நோட்புக் கொடுத்தேன். அவர் முதல் வரியை எங்கள் மேசையிலேயே எழுதினார்: "இரவு 1.20. புரட்டிப் படுக்க வைத்தேன். நான் ஒருத்தி."