தங்கைக்கு சி.என்.ஏ.வா, எல்.பி.என்.னா? வழி சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருப்பவர்களிடம் ஓர் உதவி வேண்டும்.

என் தங்கை செவிலியர் வேலைக்குப் படிக்க இங்குள்ள தொழிற்கல்விப் பள்ளியில் சேரப்போகிறாள். சி.என்.ஏ. (சான்றிதழ் பெற்ற செவிலிய உதவியாளர்) படிப்பதா, அதற்கு மேல்நிலையான எல்.பி.என். (உரிமம் பெற்ற செவிலியர்) படிப்பதா என்பதுதான் கேள்வி. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, புண் வந்துவிடக் கூடாதென்று ராத்திரியிலும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து புரட்டிப் படுக்கவைத்தவள் அவள். இந்த வேலை அவளுக்குப் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சி.என்.ஏ.வுக்கு மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. சில மாநிலங்களில் இதைவிடக் கூடும். எல்.பி.என். என்றால் ஏறக்குறைய ஒரு வருடம், பிறகு உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு. முதலில் சி.என்.ஏ. முடித்து வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சமாளிக்க முடிந்ததா? மருத்துவமனைப் பயிற்சிக்குப் பள்ளியே இடம் ஏற்பாடு செய்ததா? பணம் கட்டுவதற்கு முன் பள்ளியில் என்னென்ன கேட்க வேண்டும்?

அடுத்த வாரம் விண்ணப்பிக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.