குரு டோகாவுக்கு உள்ளே பல்சக்கரம் எதற்கு?

வரைபலகை: யூனி பேர்ல வர்ற மிட்சுபிஷி பென்சில் கம்பெனியோட குரு டோகா மெக்கானிக்கல் பென்சிலைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. 2008ல வந்தது. தாள்ல அழுத்தி எடுக்கும்போதெல்லாம் உள்ள இருக்கிற பல்சக்கரம் லெட்டை (எழுதுற கரிக்குச்சியை) கொஞ்சம் திருப்பிவிடும், முனை ஒரே பக்கமா தேயாது. சரி. விரல்லயே பென்சிலை லேசா உருட்டிக்கிட்டா போச்சு! வரைபடம் போடுறவங்க காலங்காலமா அதைத்தானே செய்யுறோம்?

நோட்டுப்புத்தகம்: சார், நீங்க ஸ்கேல் வெச்சுக் கோடு போடுறவர். கிளாஸ்ல விழுந்து விழுந்து நோட்ஸ் எடுக்குற பிள்ளை எங்க உருட்டும்? சாதா 0.5 மி.மீ. லெட் பென்சில்ல எழுதிப் பாருங்க. முதல் வரி மெல்லிசா இருக்கும். அரைப் பக்கம் தாண்டுறதுக்குள்ள முனை உளி மாதிரி சாய்வா தேஞ்சு எழுத்து தடிச்சிடும். குரு டோகாவுல ஒரு அழுத்தலுக்கு 9 டிகிரி, 40 தடவைக்கு ஒரு முழுச் சுற்று.

வரைபலகை: 40 தடவை *எடுத்து வெச்சா*! ஜப்பான்காரங்க சீனத்துலேர்ந்து எடுத்துக்கிட்ட ‘கான்ஜி’ எழுத்துல ஒவ்வொரு கோட்டுக்கும் பென்சில் மேல எழும்பும். அவங்களுக்குச் செஞ்சது அது. இங்கிலீஷ் கூட்டெழுத்துல ஒரு வார்த்தையே ஒரே இழுப்புல முடிஞ்சிடும். சக்கரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

நோட்டுப்புத்தகம்: தமிழ் எழுதுங்களேன். மெய்யெழுத்துப் புள்ளி, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, எல்லாத்துக்கும் கையை எடுத்துத்தானே வைக்கணும்? அதோட குரு டோகா அட்வான்ஸ் மாடல்ல 18 டிகிரி ஆக்கிட்டாங்க, 20 தடவை போதும்.

வரைபலகை: ஆக, 9 பத்தலைன்னு கம்பெனிக்கே தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணு: சக்கரம் ஓடணும்னா ஒவ்வொரு அழுத்தலுக்கும் லெட் மயிரிழை உள்ள போயி வரணும். அந்த ஆட்டம் விரலுக்குத் தெரியுது. பென்டெல் கம்பெனியோட பி205 பென்சிலை எடுத்துப் பாருங்க. அசையாத 4 மி.மீ. நீளக் குழாய் முனை, ஸ்கேல் ஓரத்துல அப்படியே ஒட்டி நிக்கும்.

பொடியெழுத்து: பென்டெல்னதும் ஓடி வந்தேன். நீங்க தேய்மானத்துக்கு அடிச்சுக்கிறீங்க, எனக்கு லெட் உடையறதுதான் தலைவலி. அதுக்கு பென்டெலோட ஓரென்ஸ் 0.2 பென்சில். லெட்டை வெளிய நீட்டாம குழாய்க்குள்ளயே வெச்சு எழுதணும். லெட் தேயத் தேயக் குழாயும் பின்வாங்கும். இவ்வளவு பொடிசுல தேஞ்சாத்தான் என்ன, தேயாட்டித்தான் என்ன? மெல்லிய லெட்டே பென்டெல் புண்ணியம்தான். 1960ல பிசின் சேர்த்துச் செஞ்ச 0.9 லெட்டைக் கொண்டுவந்தது அவங்க. பழைய களிமண் லெட்டை அவ்வளவு மெல்லிசாக்கினா பொடிப்பொடியா போயிடும்.

நோட்டுப்புத்தகம்: சாய்ச்சுப் பிடிச்சா அந்தக் குழாய் தாளை உரசுதே?

பொடியெழுத்து: நிமிர்த்திப் பிடிங்க. இல்லைன்னா 0.3 வாங்குங்க.

புதுவரவு: கார் கம்பெனிக்குப் பென்சில் எதுக்குங்க?

நோட்டுப்புத்தகம்: தம்பி, அது வேற மிட்சுபிஷி. பென்சில் கம்பெனி 1887லயே ஆரம்பிச்சது. மூணு வைர முத்திரையை அவங்க பதிவு பண்ணது 1903ல, கார் குழுமம் அதைப் பதிவு பண்றதுக்கு முன்னாடியே. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

வரைபலகை: முத்திரைக் கதை சரி, ஆட்டத்துக்கு என்ன பதில்?

நோட்டுப்புத்தகம்: குரு டோகா கேஎஸ் மாடல்ல குறைச்சிருக்காங்க சார்.

வரைபலகை: குறைச்சிருக்காங்க. இல்லாமப் பண்ணலையே?

நோட்டுப்புத்தகம்: பி205ல முனை தேயாமப் பண்ணிட்டாங்களா?