மெதீனி கிட்டாரில் கோரஸ் பெடல் எங்கே இருக்கிறது?

ஆறுதந்தி:
ஜாஸ் கிட்டார் கற்க வந்த ஒரு புதியவருக்கு பெடல்பிரியன் நேற்று சொன்ன பதில்: "பாட் மெதீனி டோன் வேண்டுமா? நல்ல கோரஸ் பெடல் ஒன்று வாங்குங்கள், பாதி வேலை முடிந்தது." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் மெதீனியின் அந்த அகலமான சத்தம் கோரஸ் பெடலில் (ஒரு சத்தத்தைப் பல சேர்ந்தாற்போல் கேட்கவைக்கும், காலால் இயக்கும் பெட்டி) இருந்து வந்ததே இல்லை. அவர் வைத்திருந்தது லெக்சிகான் பிரைம் டைம் டிலே, அதாவது சத்தத்தைத் தாமதித்துத் தரும் கருவி, இரண்டு யூனிட். ஒன்று 14 மில்லி செகண்ட், மற்றது 26. இரண்டிலும் சுருதி துளியளவு அசையும். நேர் சத்தம் நடுவில் இருக்கும் ஆம்ப்புக்கு, தாமதமானவை இரண்டு பக்கத்து ஆம்ப்புகளுக்கு. பெட்டிக்குள் கலக்காமல் அறையின் காற்றில் கலக்கிற சத்தம் அது. தெரியாவிட்டால் புதியவர்களுக்கு ஆலோசனை சொல்லாதீர்கள்.

பெடல்பிரியன்:
காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதைச் சொன்னேன். கோரஸ் மாதிரி கேட்டால் அது கோரஸ். அந்தப் பையன் சட்டத்தில் பொருத்தும் லெக்சிகான் ரேக் பெட்டி இரண்டுக்கும் மூன்று ஆம்ப்புக்கும் எங்கே போவான்?

ஆறுதந்தி:
"மாதிரி" என்று இப்போது சேர்க்கிறீர்கள். நேற்று அந்தச் சொல் இல்லை. 14, 26. இரண்டு டிலே. பெடல் இல்லை.

கீழ்ஸ்தாயி:
நான் பாஸ் கிட்டார் வாசிப்பவன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கோரஸ் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யலாமே. ஒரு சத்தத்தின் நகலைச் சில மில்லி செகண்ட் தாமதித்து, அந்தத் தாமதத்தைக் கொஞ்சம் ஆட்டினால் சுருதி அசையும். அதை மூலத்தோடு கலந்தால் கிடைப்பதுதான் கோரஸ். பெடலும் இதைத்தான் செய்கிறது, மெதீனியின் டிலே யூனிட்டும் இதைத்தான் செய்கிறது.

ஆறுதந்தி:
பெடல் இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. இல்லை.

பெடல்பிரியன்:
கீழ்ஸ்தாயி சொன்னதைப் படித்தீர்களா? நான் சொன்னதுதான் சரி என்று ஆகிறது.

ஆறுதந்தி:
ஆகவில்லை. வருடத்தைப் பாருங்கள். பாஸ் (Boss) கம்பெனியின் முதல் கோரஸ் பெடல் சிஇ-1 சந்தைக்கு வந்தது 1976-ல். மெதீனி தன் முதல் ஆல்பமான பிரைட் சைஸ் லைஃபை ஜெர்மனியில் ஒலிப்பதிவு செய்தது 1975 டிசம்பரில். ஜாகோ பாஸ்டோரியஸ் பாஸ், பாப் மோசஸ் டிரம்ஸ். அப்போதே மெதீனி மெதீனிதான். பெடல் பிறப்பதற்கு முன்பே!

பெடல்பிரியன்:
நன்றாக மாட்டிக்கொண்டீர்கள். உங்கள் லெக்சிகான் பிரைம் டைம் வந்ததே 70களின் கடைசியில். 1975-ல் 14-ம் கிடையாது, 26-ம் கிடையாது. அப்படியானால் உங்கள் வாதம் எங்கே நிற்கிறது?

ஆறுதந்தி:
அந்த ஆல்பத்தில் டிலே இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. கோரஸ் பெடல் இல்லை என்றுதான் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

மாலினி_ஜாஸ்:
ஆறுதந்தி சார், போன வருடம் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ராட் டிஸ்டார்ஷன் பெடல் அவர் சத்தத்தில் ஒரு பங்கு என்று நான் எழுதியதற்கு "எல்லாம் விரல்தான்" என்று அடித்துப் பேசினீர்கள். ஐபனீஸ் ஏஎஸ்-200 கிட்டாரும் ராட் பெடலும் அவரோடு எத்தனை வருடமாக இருக்கின்றன! பில் ஃப்ரிசெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வால்யூம் பெடலும் 16 செகண்ட் டிலேயும் இல்லாமல் அவருடைய 80களின் இசையை நினைத்துப் பார்க்க முடியுமா? அவரும் பழைய தலைமுறை ஜாஸ் கிட்டார் மேதை ஜிம் ஹாலிடம் பாடம் கேட்டவர்தான். மேரி ஹால்வர்சன் டிலே பெடலை வைத்துத்தான் சுருதியை அப்படி வளைக்கிறார். பெடலும் வாத்தியம்தான், அதற்கும் சாதகம் வேண்டும்.

ஆறுதந்தி:
மாலினி, ராட் விஷயத்தில் நான் சொன்னது இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் படியுங்கள். சாதகம் என்ற சொல்லை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். வெஸ் மாண்ட்காமரி பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப். சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை ரெக்கார்டில் கேட்டுக் கேட்டே கற்றார். சத்தம் வெளியே போகக் கூடாதென்று பிக்கை (தந்தி மீட்டும் சின்னத் தகட்டை) விட்டுக் கட்டைவிரலால் வாசித்தார், அதுவே அவருடைய டோன் ஆனது. பாட் மார்ட்டினோ 1980-ல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு நினைவை இழந்து, தன் பழைய ரெக்கார்டுகளைக் கேட்டே மறுபடி கற்றார். மைக் ஸ்டெர்ன் 2016-ல் விழுந்து இரண்டு கையையும் உடைத்துக்கொண்டார். வலது கை விரல்களுக்கு பிக்கைப் பிடிக்க முடியாமல் போனது. பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தார், அடுத்த வருடமே ஆல்பம் வந்தது. எந்தக் கடையில் கிடைக்கிறது இது?

பெடல்பிரியன்:
ஸ்டெர்ன் பெயரை நீங்களே எடுத்ததற்கு நன்றி. அவர் சத்தத்தில் கோரஸ் இருக்கிறதா இல்லையா?

ஆறுதந்தி:
யமஹா எஸ்பிஎக்ஸ்90. ரேக் யூனிட். அதில் சுருதி மாற்றும் புரோகிராமைத்தான் போடுகிறார். அதுவும் கோரஸ் பெடல் இல்லை.

கீழ்ஸ்தாயி:
மறுபடியும் சொல்கிறேன், விளைவு ஒன்றுதான்.

ஆறுதந்தி:
விளைவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

டெலிதாசன்:
ஜூலியன் லாஜைக் கேளுங்கள். ஒரு டெலிகாஸ்டர் கிட்டாரை ஒரு சின்ன ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்பில் செருகினால் போதும் அவருக்கு. அப்புறம் ஷக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின்: ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரம் குழித்த அகூஸ்டிக் கிட்டார், குறுக்கே அனுநாதத் தந்திகள். வீணையை எஸ். ராமநாதனிடம் முறையாகக் கற்றவர். விக்கு விநாயக்ராம் கடத்துக்கு எதிரே அந்த வேகத்தில் வாசிக்க எந்தப் பெடல் உதவும்?

பெடல்பிரியன்:
ஷக்தி ஜாஸ் இல்லை. இன்னொரு குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் அதே மெக்லாஃப்லின் ஆம்ப்பை அலறவிட்டதை ஏன் மறைக்கிறீர்கள்?

டெலிதாசன்:
ஷக்தி ஜாஸ் இல்லையா? தாளக்கட்டுக்குள் இத்தனை கற்பனையாக விரிவதற்கு வேறு என்ன பெயர்? நீங்கள் கச்சேரியே கேட்டதில்லை போலிருக்கிறது.

பெடல்பிரியன்:
என் அப்பா மிருதங்கம் வாசித்தவர். எனக்குக் கச்சேரி பற்றிச் சொல்லித்தர வேண்டாம்.

ஆறுதந்தி:
பேச்சு மாறுகிறது. பெடல்பிரியன் மெதீனி விஷயத்தில் இன்னும் பதில் சொல்லவில்லை. கிட்டாரில் பல்துலக்கும் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு, ஊர் ஊராக அந்தப் பழைய கிப்சன் இஎஸ்-175 கிட்டாரை வாசித்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லிப் பெடல் விற்கக் கூடாது.

பெடல்பிரியன்:
யார் விற்றது? நான் கடைக்காரனா? அதே மனிதர் 1982-ல் ஆஃப்ராம்ப் ஆல்பத்தில் ரோலண்ட் ஜிஆர்-300 கிட்டார் சிந்தசைசரை வாசித்தார். லிண்டா மான்ஸரிடம் 42 தந்தி பிகாஸோ கிட்டார் செய்து வாங்கினார். புதுக் கருவி என்றால் ஓடிப்போய் எடுப்பவர் அவர். அவரை ஏழைத் துறவி மாதிரி ஆக்குவது நீங்கள்தான்.

ஆறுதந்தி:
ஜிஆர்-300 சிந்தசைசர். கோரஸ் பெடல் இல்லை.

மாலினி_ஜாஸ்:
எனக்கு ஸ்கோஃபீல்ட் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

டெலிதாசன்:
நானும் கேட்கிறேன், ஷக்தி ஜாஸ் இல்லை என்று சொன்னதை பெடல்பிரியன் திரும்பப் பெறுகிறாரா?

பெடல்பிரியன்:
பெற மாட்டேன். அந்தப் பையனுக்குச் சொன்னதையும் மாற்ற மாட்டேன். கோரஸ் வாங்கட்டும்.

ஆறுதந்தி:
வாங்கிவிட்டு வரட்டும், அந்தப் பெட்டியில் 14 எங்கே 26 எங்கே என்று நானே அவனிடம் கேட்கிறேன். மாலினி, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், ஏஎஸ்-200 பற்றி நீங்கள் சொன்னதிலும் எனக்கு இரண்டு ஆட்சேபணை இருக்கிறது.